காசித்தும்பை விதையும் கடல் உப்பும்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி வாசியுங்கள்.

ஈஸ்டை எப்படி நிறுத்துவது என்பது நம் விளாத்திகுளம் வட்டாரத்துப் பனையேறிகளுக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்த சங்கதி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதனீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். இரண்டும் ஒரே பாளையில் சொட்டியவைதான். நடுவில் நின்று வித்தியாசம் செய்வது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை. பாளையிலும் கலயத்திலும் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சுண்ணாம்பின் காரத்தில் அதற்கு வேலை ஓடாது.

ஆனால் மனுஷனுடைய வாயிலும் நகக்கண்ணிலும் ரத்தத்திலும் ஈஸ்ட் ஏறிவிட்டால் அங்கே சுண்ணாம்பு தடவ முடியாது. அதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

நோய் செய்யும் ஈஸ்ட்களில் நமக்கு அதிகம் அறிமுகமானது கேண்டிடா அல்பிகன்ஸ். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் அது குடியிருக்கிறது. சும்மா இருக்கும்வரை இருப்பதே தெரியாது. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் திரண்டதுபோல வெள்ளை படருமே, அது இதன் வேலை. நாள் முழுக்க ஈரத்தில் கை வைத்து மீன் கழுவும் பெண்களுக்கு நகத்தைச் சுற்றி வீங்கி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் நகச்சுற்றிலும் பல சமயம் இது இருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். இதெல்லாம் மேலோடு போகிற தொல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தக்குழாயில் டியூப் சொருகிப் படுத்திருக்கும் நோயாளியின் ரத்தத்துக்குள் போய்விட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

சமீபத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி எனக்கு நாலைந்து பேரிடமிருந்து வந்தது. காசித்தும்பை விதையில் பூஞ்சை நோய்க்கு மருந்து இருக்கிறதாம், வெள்ளைக்காரன் அதைத் திருடிக் காப்புரிமை வாங்கிவிட்டானாம், அரைத்துக் கட்டினால் மூன்றே நாளில் குணமாம். பழைய மாணவி ஒருத்தி, "சார், எங்க அம்மாவுக்கு நகச்சுற்று ஆறவே மாட்டேங்குது, கட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். பாதி உண்மை. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

கதை காசித்தும்பையில் தொடங்கவில்லை, கோதுமை மாவில் தொடங்குகிறது. மாவில் ஈஸ்டைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது ரொட்டித் தொழிலை ஆராய்ந்தவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தட்டுப்பட்டிருந்தது. 1942இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த பால்ஸ், ஹேல், ஹாரிஸ் ஆகிய மூவர் மாவிலிருந்து ஒரு சிறிய புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் புரோதயோனின். பாக்டீரியாவையும் ஈஸ்டையும் அது கொல்கிறது என்பது அதே ஆண்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஊசி மூலம் ஏற்றினால் விலங்குகளுக்கும் அது விஷம் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு நாம் எப்படிச் சப்பாத்தி தின்று உயிரோடு இருக்கிறோம் என்று கேட்பீர்கள். வாய்வழியாகப் போனால் வயிறு அதையும் பருப்பைப்போலச் செரித்துவிடுகிறது.

செடி தனக்காகச் செய்துகொள்ளும் இப்படிப்பட்ட சின்னப் புரதங்களைத்தான் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள் என்கிறார்கள். அமினோ அமிலங்களைச் சரம்போலக் கோத்தால் புரதம். சரம் குட்டையாக இருந்தால் பெப்டைடு. இருபது முதல் ஐம்பது மணி வரை கோத்த குட்டைச் சரங்கள்தான் நம் கதையில் வருகிறவை. புரோதயோனினில் 45.

1942இல் கண்டுபிடித்ததை ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்? நேரம் அப்படி. பெனிசிலின் வந்துவிட்டது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் மண்ணைத் தோண்டி மருந்து தேடினார்கள், மாவைப் பார்க்க ஆளில்லை. தேடியவர்களுக்குப் பலனும் கிடைத்தது. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து நிஸ்டாடினை எடுத்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரில், இன்னொருவர் ஆல்பனியில். மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பியே வேலையை முடித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதுதான் நிஸ்டாடின் ஆயிற்று. குழந்தை வாய் வெள்ளைக்கு அந்தச் சொட்டு மருந்தை இன்றும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். நம் நாட்டிலும் புனே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் கம்பெனியில் திருமலாச்சார் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்தைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனியின் பெயரிலுள்ள முதலெழுத்துகள்தான் மருந்தின் பெயரிலும் இருக்கின்றன. அரசுக் கம்பெனி செய்த இந்தச் சாதனையை நம் பாடப்புத்தகத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பாக்டீரியாவைக் கொல்வது ஒப்பீட்டளவில் சுலபம், ஏனென்றால் அது நம்மைவிட மிகவும் வேறுபட்ட உயிர். ஈஸ்ட் அப்படியில்லை. நம் செல்லைப்போலவே அதற்கும் உட்கரு உண்டு, உள்ளே நடக்கும் வேலைகளும் கிட்டத்தட்ட நம்முடையவைதான். தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். அதைத் தாக்குகிற விஷம் நம்மையும் தாக்கும். வேறுபாடுள்ள இடம் தேடித்தான் அடிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம். அதனால்தான் உடம்புக்குள் புகுந்த பூஞ்சைக்கு இன்றும் கையில் இருக்கும் முக்கியமான மருந்து வகைகள் மூன்றுதான். ஆம்போடெரிசின் வகை, ஃப்ளூகோனசோல் வகை, காஸ்போஃபங்கின் வகை. முதலாவது பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. நம் செல்லில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். இரண்டும் அவ்வளவு தூரம் வேறுபட்டவை இல்லை என்பதால் நோயாளியின் சிறுநீரகம் அடி வாங்குகிறது.

மறுபடி செடிக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் வில்லெம் ப்ரூகார்ட், ப்ரூனோ காம்யூ, ஃப்ராங்கி டெர்ராஸ் முதலானோர் கொண்ட குழு விதைகளை அரைத்துப் பார்க்கத் தொடங்கியது. அவர்கள் மனித மருந்தைத் தேடவில்லை. பயிரைத் தின்னும் பூஞ்சைகள்தான் அவர்கள் குறி. ஆனால் எடுத்துக்கொண்ட இடம் அருமையான இடம். யோசித்துப் பாருங்கள், ஈர மண்ணில் ஆயிரம் பூஞ்சைக்கு நடுவே மாவும் எண்ணெயும் நிறைந்த ஒரு விதை நாள்கணக்கில் கிடக்கிறது. ஒரு துண்டு இட்லியை அப்படிப் புதைத்து வைத்தால் என்ன ஆகும்? விதை மட்டும் ஏன் மக்குவதில்லை?

1992இல் முள்ளங்கி விதையிலிருந்து இரண்டு பெப்டைடுகள் எடுத்தார்கள். அதே ஆண்டில் அந்திமந்தாரை விதையிலிருந்து இரண்டு. அதே ஆண்டில் நம் தண்டங்கீரைக்குச் சொந்தமான ஒரு கீரை விதையிலிருந்து இரண்டு. 1995இல் வெளிவந்த பட்டியலில் கொடைக்கானல் பக்கம் வளர்க்கும் டேலியாவின் மெக்சிகோ உறவு ஒன்றும், நம் வேலிகளில் படரும் சங்குப்பூவும் இருந்தன. 1997இல் காசித்தும்பை. வாசலில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பூக்கும் அந்திமந்தாரையும், சங்கு குளிக்கிற நம் ஊரின் வேலியில் சங்கு பெயரோடு பூக்கும் கொடியும், பிள்ளைகள் தொட்டு வெடிக்கவைத்து விளையாடும் காசித்தும்பைக் காயும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்து மேஜையில் இருந்திருக்கின்றன. வாசித்தபோது எனக்கே சிலிர்த்தது.

முள்ளங்கி விஷயத்தில் அவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விதையின் தோல் கிழிந்ததும், முளைவிடும் நேரத்தில், உள்ளே இருக்கும் இந்தப் பெப்டைடு வெளியே கசிகிறது. முழு விதையில் அது மிகக் கொஞ்சம், கசிவதில் மட்டும் பங்கு அதிகம். விதையைச் சுற்றிப் பூஞ்சை நுழையாத ஒரு வட்டம் உண்டாகும் அளவுக்கு அது போதும். கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்து வாசலில் காவல் போடுவது மாதிரி.

இது எப்படிக் கொல்கிறது? முள்ளங்கிப் பெப்டைடில் 51 அமினோ அமிலங்கள். சரம் சும்மா தொங்குவதில்லை. கந்தகம் உள்ள மணிகள் ஒன்றையொன்று பிடித்து நான்கு இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். வலை முடியத் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், நாலு முடிச்சு விழுந்த நூலை இழுத்தாலும் உருக்குலையாது. சூட்டையும் தாங்கும். இதன்மேல் நேர்மின்னூட்டம் அதிகம், ஈஸ்டின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். இழுவையில் போய் ஒட்டுகிறது.

ஒட்டினால் மட்டும் போதாது, பூட்டு வேண்டும். 2004இல் கரின் தெவிஸ்ஸன் முதலானோர் அந்தப் பூட்டைக் காட்டினார்கள். ஈஸ்டின் சவ்வில் குளுகோசில்செராமைடு என்ற கொழுப்பு இருக்கிறது. முள்ளங்கிப் பெப்டைடு அதைப் பிடிக்கிறது. அந்தக் கொழுப்பைச் செய்யும் மரபணுவை நீக்கிய கேண்டிடா அல்பிகன்ஸ் பெப்டைடுக்கு அசையவில்லை. இதே பெயரில் மனிதச் செல்லிலும் ஒரு கொழுப்பு உண்டு, ஆனால் அமைப்பில் சின்ன வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் பெப்டைடு கண்டுகொள்கிறது, மனிதக் கொழுப்பைத் தொடவில்லை. கோதுமைச் சரக்குக்கு இல்லாத புத்தி முள்ளங்கிச் சரக்குக்கு இருக்கிறது. பிடித்த பிறகு சவ்வின் ஒழுங்கு குலைகிறது, செல்லுக்குள் துருப்பிடிக்கவைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன, ஈஸ்ட் சாகிறது.

ஆனால் கேண்டிடா கிளாப்ராட்டா என்ற இன்னொரு நோய் ஈஸ்டின் சவ்வில் அந்தக் கொழுப்பே கிடையாது. கள்ளில் இருக்கும் ஈஸ்டுக்கும் கிடையாது. பூட்டே இல்லாத கதவில் சாவி என்ன செய்யும்? டேலியாப் பெப்டைடுக்குப் பூட்டு வேறு. 2000இல் இதே குழு, அந்தப் பெப்டைடுக்குச் சாகாமல் தப்பிய ரொட்டி ஈஸ்டை எடுத்து, எந்த மரபணு கெட்டதால் தப்பியது என்று துருவி, அது வேறொரு கொழுப்பைச் செய்யும் மரபணு என்று கண்டது. ஆக, "செடிப் பெப்டைடு பூஞ்சையைக் கொல்லும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது, "சாவி கதவைத் திறக்கும்" என்பதைப்போல. எந்தச் சாவி, எந்தக் கதவு?

காசித்தும்பைச் சாவி மிகச் சின்னது. 20 அமினோ அமிலம், 2 முடிச்சு. செடி ஒரு நீளமான புரதத்தைச் செய்து, பூச்சரத்தை முழம் முழமாக நறுக்குவதுபோல நறுக்கி நாலு வகைப் பெப்டைடுகளை எடுத்துக்கொள்கிறது. 1999இல் கொரியாவில் அதில் ஒன்றைக் கேண்டிடா அல்பிகன்ஸ் மேல் சோதித்து, அது ஈஸ்டின் மேற்பரப்பில் சேர்ந்து சவ்வுக்குள் ஊடுருவுவதைப் பார்த்தார்கள். கொரியாவில் பெண்பிள்ளைகள் காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்துக்குச் சாயம் ஏற்றுவது பழைய வழக்கம், நம் மருதாணி மாதிரி. இது நான் இடையில் சொருகிய செய்தி, மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கல்பிக்க வேண்டாம்.

"திருடிவிட்டான்" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லூவன் குழுவோடு பிரிட்டனின் ஜெனிகா என்ற வேளாண் மருந்துக் கம்பெனி ஆட்களும் வேலை பார்த்தார்கள், காப்புரிமைகளும் எடுத்தார்கள். உண்மை. மஞ்சள், வேம்பு காப்புரிமை வழக்குகளில் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததையே எழுதி வாங்கப் பார்த்தார்கள், அதனால் சண்டை போட்டோம், நியாயம். காசித்தும்பை விதைக்குள் 20 மணிச் சரம் இருப்பது எந்தப் பாட்டிக்கும் தெரியாது. அந்திமந்தாரையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. இதைத் திருட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் கையருகே இருந்த விதையை நாம் ஏன் அரைத்துப் பார்க்கவில்லை என்ற கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. பார்த்தவர்களும் உண்டு. 2009இல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் பிரேசில்காரர்களோடு சேர்ந்து இளநீரிலிருந்து மூன்று பெப்டைடுகளை எடுத்து, பாக்டீரியாவுக்கு எதிராக அவை வேலை செய்வதைக் காட்டினார்கள். ஒன்றில் வெறும் 9 அமினோ அமிலம். இதைச் சொன்னதும் நாளைக்கே "இளநீர் குடித்தால் கிருமி சாகும்" என்று ஒரு செய்தி கிளம்பும். சப்பாத்திக்குச் சொன்ன பதில்தான் இளநீருக்கும்.

இனி உப்புக்கு வருகிறேன்.

இந்தப் பெப்டைடுகளை முதலில் சோதித்தது உப்புக் குறைந்த கரைசலில். அங்கே எல்லாம் வீரர்கள். கரைசலில் பொட்டாசியமும் கால்சியமும் சேர்த்ததும் பல பெப்டைடுகளின் வீரம் குறைந்துவிட்டது. அந்திமந்தாரையின் இரண்டில் ஒன்று மற்றதைவிட அதிகம் தளர்ந்தது. முள்ளங்கியின் முதல் பெப்டைடு படுத்துவிட, இரண்டாவது ஓரளவு தாக்குப்பிடித்தது. காரணம் எளிது. ஈஸ்டின் எதிர்மின்னூட்டப் பரப்புக்குப் பெப்டைடு போவதற்கு முன்பே உப்பின் நேர்மின் அயனிகள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வேம்பார் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான். நின்றுகொண்டு வருகிற பயணி பெப்டைடு.

நம் ரத்தத்தில் ஏறத்தாழ 0.9 சதவீத உப்பின் அளவுக்குச் சமமான கரைசல் இருக்கிறது. கடலில் சுமார் 3.5. ரத்தம் கடலில் கால்வாசி. ஆகவே சோதனைத் தட்டில் ஈஸ்டைக் கொன்ற பெப்டைடு, வியர்வையும் ரத்தமும் உள்ள உடம்பில் கொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேப்பலோடை உப்பளத்தில் பாத்தி மிதித்துவிட்டு வந்த காலில் விதையை அரைத்துப் பூசினால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரியின் பக்கம் பாருங்கள். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதுத் துவாரத்திலிருந்து எடுத்த ஈஸ்டுக்குக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. 2013இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரி குழுவினர் இது டெல்லி ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தில் கலந்து பரவுவதை எழுதினார்கள். இதில் பெரும்பாலானவை ஃப்ளூகோனசோலுக்கு மசிவதில்லை. சில மூன்று மருந்து வகைகளுக்குமே மசிவதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாகப் பூஞ்சைகளுக்கு ஓர் அபாயப் பட்டியல் போட்டபோது, முதல் வரிசையில் வைத்த நான்கில் இதுவும் ஒன்று, கேண்டிடா அல்பிகன்ஸும் ஒன்று.

இந்த ஆரிஸ் ஆஸ்பத்திரிக்கு வெளியே எங்கே வாழ்கிறது என்பது யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. 2021இல் அதே சௌத்ரி குழு அண்டமான் கரையில் உப்புச் சதுப்பிலும் மணல் கடற்கரையிலும் இதைக் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இயற்கையில் இது கிடைத்தது அதுதான் முதல் முறை. சதுப்பில் கிடைத்த ஒன்று மருந்துகளுக்கு இன்னும் பணிந்தது, உடம்புச் சூட்டில் மெதுவாகத்தான் வளர்ந்தது. 10 சதவீத உப்பிலும் ஆரிஸ் வளரும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். பூமி சூடாவதால் சூட்டுக்குப் பழகி மனித உடம்புக்குள் வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள், அது கருத்துதான், நிரூபணம் இல்லை.

உப்பில் தளர்கிற காவலாளி, உப்பைத் தாங்குகிற திருடன். ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

சங்கு குளிக்கப் போகிற தம்பிமார் "காது" என்றதும் பயப்பட வேண்டாம். கடலில் முங்குவதால் ஆரிஸ் வந்ததாக நம் கரையில் செய்தி இல்லை. அது ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் கருவிகளிலும் ஒட்டி, ஏற்கெனவே மோசமாக இருப்பவர்களைப் பிடிப்பது.

வழி அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. 2008இல் முள்ளங்கிப் பெப்டைடை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தபோது கேண்டிடா தொற்று குறைந்தது. 2015இல் இன்னொரு தோட்டப் பூவின் பெப்டைடு, காஸ்போஃபங்கின் மருந்தோடு சேர்ந்தபோது, பிளாஸ்டிக் டியூப்களில் பாசிபோலப் படியும் கேண்டிடாவின்மேல் மருந்தின் வேகத்தைக் கூட்டியது. தனியாகக் கொல்ல வேண்டியதில்லை, துணைக்கு நின்றாலும் போதும் என்று இப்போது பலர் யோசிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெரிலின் ஆண்டர்சன் குழுவினர் அலங்காரப் புகையிலைச் செடியின் பூவிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். அது சவ்வைத் தாண்டி ஈஸ்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அவர்கள் வழியில் வந்த ஒரு செடிப் பெப்டைடு நகப்பூஞ்சைக்கு மனிதர்களிடம் சோதனைவரை போனது. நகத்தைத் தேர்ந்தெடுத்ததில் சூட்சுமம் உண்டு. அங்கே ரத்த ஓட்டமும் இல்லை, செரிக்கிற வயிறும் இல்லை. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு நீட்டி வாங்குகிற மருந்தாக இதில் எதுவும் இன்னும் வரவில்லை.

அதனால் அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான். விதையை அரைத்தால் அதில் பெப்டைடு கொஞ்சம், விதையின் மற்ற சரக்கு நிறைய. அந்தக் கூழைப் புண்ணில் வைத்துக் கட்டினால் ஈரம் கூடும், ஈரம் கூடினால் கேண்டிடாவுக்குத்தான் வசதி. எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு கிடப்பதும் அதே கதைதான். அம்மாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போ, சர்க்கரையும் பார்த்துவிடு, மீன் கழுவும்போது உள்ளே பருத்தி உறையும் மேலே ரப்பர் உறையும் போடச் சொல். ரப்பர் உறை சிலருக்கு அரிக்கும். அதற்குக் காரணமானவற்றில் ஒன்று ஹெவீன். கன்னியாகுமரித் தோட்டங்களில் வடிக்கிறார்களே, அந்த ரப்பர் பாலில் இருக்கும் 43 அமினோ அமிலப் பெப்டைடு. 1991இல் அதுவும் பூஞ்சைக்கு எதிரி என்று கண்டார்கள். அரிப்பு வந்தால் நைட்ரைல் உறை என்று கேட்டு வாங்க வேண்டும், நீல நிறத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. செடியாக வளர்க்கக் காசித்தும்பை விதை வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே எடுப்பதானால் காய் வெளிறி மஞ்சளாகும்போது ஒரு தாள் பையைக் காம்போடு சேர்த்து மூடிக்கொண்டு கிள்ளுங்கள். சும்மா தொட்டால் பாதி விதை பக்கத்து வீட்டு முற்றத்தில் கிடக்கும்.